கூத்தும் குற்றமும்: 1920களின் பெர்லினைக் காட்டும் ஓவியக் கண்காட்சிகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியில் 1919 முதல் 1933 வரை இருந்த ஆட்சியை வைமார் குடியரசு என்பார்கள். அதன் தலைநகரம் பெர்லின். அந்தப் பதினான்கு வருஷத்து பெர்லினை வரைந்த ஓவியங்களைச் சில வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவதொரு பெரிய அருங்காட்சியகம் திரட்டி மாட்டுகிறது. போய்ப் பார்த்தவர்கள், போகப் போகிறவர்கள், போனில் படத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் என எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை.

எந்தக் கண்காட்சியைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒன்று இல்லை, பல. அதிகம் பேசப்பட்டது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 2006 நவம்பர் 14 முதல் 2007 பிப்ரவரி 19 வரை நடந்தது. ‘கிளிட்டர் அண்ட் டூம்’ என்று பெயர். மினுமினுப்பும் நாசமும் என்று வைத்துக்கொள்ளலாம். தொகுத்தவர் ஸபீனே ரேவால்ட். பத்து ஓவியர்கள், சுமார் நூறு படைப்புகள், அதில் பாதிக்கு மேல் ஓட்டோ டிக்ஸ் என்ற ஒரே ஆளுடையவை. ஃபிராங்க்ஃபர்ட்டின் ஷிர்ன் காட்சிக்கூடம் 2017–18 குளிர்காலத்தில் ‘வைமார் குடியரசின் பகட்டும் அவலமும்’ என்ற பொருள்படும் தலைப்பில் அறுபதுக்கு மேற்பட்ட ஓவியர்களைக் கூட்டிவந்தது. 2018ல் லண்டன் டேட் மாடர்ன், 2022ல் பாரீஸ் பொம்பிடூ மையம், 2024 நவம்பரில் மான்ஹைம் நகரம் என்று இது தொடர்கிறது. ஊர் மாறினாலும் திரும்பத் திரும்ப வருவது இதே ஐம்பது அறுபது படங்கள்தான். அதனால் கீழே சொல்வது எந்தக் கண்காட்சிக்கும் பொருந்தும்.

அப்படி என்னதான் நடந்தது அந்த ஊரில்?

போர் 1918 நவம்பரில் முடிந்தது. மன்னர் ஓடிப்போனார். லட்சக்கணக்கான சிப்பாய்கள் கையில்லாமல், காலில்லாமல், பாதி முகம் இல்லாமல் ஊர் திரும்பினார்கள். 1920 அக்டோபரில் சுற்றுவட்டாரத்து ஊர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு பெர்லின் ஒரே நாளில் சுமார் 38 லட்சம் பேர் வாழும் நகரமானது.

அப்புறம் பணம் செத்தது. போருக்கு முன்பு ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஒரு ரொட்டி சுமார் 20,000 கோடி மார்க். எண் பிழை இல்லை, மறுபடி படித்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த குமாஸ்தாவின் சேமிப்பு ஒரு தீப்பெட்டிக்குக் காணாது. டாலர் வைத்திருந்தவனும் கடன் வாங்கிச் சொத்து வாங்கியவனும் ராஜா. இன்றைக்குக் கையில் இருப்பதை இன்றைக்கே செலவழித்துவிடு, நாளைக்கு அது குப்பை என்பது சாதாரண வீட்டுக் கணக்காகவே ஆகிவிட்டது. கூத்து என்று நாம் இன்று வாய்பிளந்து பார்ப்பதில் பாதி இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். தங்கள் பிள்ளைகள் இரவில் எங்கே போகிறார்கள், காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருக்கக் குடும்பங்கள் பழகிக்கொண்டன.

1923 நவம்பர் நடுவில் புது நாணயம் வந்தது. நிலைமை சீரானது. 1924க்கும் 1929க்கும் இடைப்பட்ட இந்த ஐந்து வருஷத்தைத்தான் ‘பொன்னான இருபதுகள்’ என்கிறார்கள். ஜாஸ் இசை, விளக்கு அலங்காரம், மேஜைக்கு மேஜை தொலைபேசி வைத்து அறிமுகமில்லாதவரோடு பேசவிடும் நடனக்கூடம், ஆண்கள் பெண்வேடத்தில் வரும் எல்டொராடோ என்ற விடுதி எல்லாம் இதற்குள் வருகின்றன. பிறகு 1929ல் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தது. 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. 1933 ஜனவரி 30ல் ஹிட்லர் பதவியேற்றார்.

குற்றம் குற்றம் என்கிறார்களே, நிஜமாகவே அவ்வளவு இருந்ததா?

இருந்தது. அதைவிட, அதற்கென்று ஒரு ஒழுங்குமுறை இருந்தது. சிறை போய் வந்தவர்கள் சேர்ந்து ‘ரிங்ஃபெராய்ன்’ என்ற சங்கங்கள் வைத்திருந்தார்கள். ஏட்டில் அவை சேமிப்புச் சங்கம், விளையாட்டுச் சங்கம். உள்ளே போனவன் குடும்பத்துக்குப் படி கொடுப்பார்கள், வழக்கறிஞர் வைப்பார்கள், செத்தால் ஊரே பார்க்கும்படி சவ ஊர்வலம் எடுப்பார்கள். கொலைகாரனுக்கும் பாலியல் குற்றம் செய்தவனுக்கும் சங்கத்தில் இடமில்லை. திருட்டுக்கும் ஒரு தர்மம்!

இந்தச் சங்கங்களில் பேர்போனது ‘இம்மர்ட்ராய்’. எப்போதும் விசுவாசம் என்று அர்த்தம். அதன் தலைவன் அடோல்ஃப் லைப். செல்லப்பெயர் ‘தசை அடோல்ஃப்’. 1928 டிசம்பர் கடைசியில், இன்று கிழக்கு ரயில் நிலையம் என்று சொல்லப்படும் பகுதியில், சுரங்க ரயில் வேலைக்கு வந்திருந்த ஹாம்பர்க் தச்சர்களுக்கும் இந்தச் சங்கத்தாருக்கும் பெரிய அடிதடி. நாட்டின் மிகப் பிரபலமான இரண்டு வழக்கறிஞர்களான மாக்ஸ் ஆல்ஸ்பெர்கும் எரிக் ஃபிரையும் சங்கத்துக்காக வாதாடினார்கள். தண்டனை பேருக்குத்தான் கிடைத்தது.

அடுத்த மாதமே இன்னொன்று. ஃபிரான்ஸ், எரிக் என்ற ஸாஸ் சகோதரர்கள் விட்டன்பெர்க் சதுக்கத்து வங்கிக்கு அடியில் சுரங்கம் தோண்டி, 181 லாக்கரில் 179ஐக் காலி செய்தார்கள். போலீஸ் பிடித்தது. ஆதாரம் இல்லை, விட்டுவிட்டது. அண்ணன் தம்பி இருவரும் நல்ல உணவகம் ஒன்றில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுப் பேட்டி கொடுத்தார்கள். ஊர் கைதட்டியது. பணக்காரனின் லாக்கர்தானே என்று மக்களுக்கு உள்ளூரச் சந்தோஷம். முடிவு மட்டும் நன்றாக இல்லை: 1940ல் நாஜிகள் அவர்களை ஸாக்ஸன்ஹவுஸன் முகாமில் சுட்டுக்கொன்றார்கள்.

எதிர்த் தரப்பில் எர்ன்ஸ்ட் கென்னாட். பெர்லின் கொலைப் பிரிவின் தலைவர், ஆள் அவ்வளவு பருமன், பட்டப்பெயர் ‘புத்தர்’. தட்டச்சு இயந்திரம், மடக்கு மேஜை, தடயம் சேகரிக்கும் சாமான்கள் எல்லாம் ஏற்றிய ‘கொலை வண்டி’ ஒன்றை உருவாக்கியவர். சந்தேகப்பட்டவனை அடிக்க மாட்டார். உட்காரவைத்து கேக் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பார். 1931ல் அவர் பிரிவுக்கு வந்த 114 கொலை வழக்கில் 108ல் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். இன்றைய போலீஸ் பெருமூச்சு விடும் எண் அது.

அப்படியென்றால் ஓவியங்களில் இந்தத் தாதாக்களும் திருடர்களும் இருக்கிறார்களா?

இதுதான் வேடிக்கை. கிட்டத்தட்ட இல்லை. தசை அடோல்ஃபைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான்.

ஓவியர்கள் வேறு ஆட்களைக் குற்றவாளி என்று நினைத்தார்கள். டாவ்ரிங்ஹவுசன் 1920–21ல் வரைந்த ‘டெர் ஷீபர்’ படத்தைப் பாருங்கள். ஷீபர் என்றால் பதுக்கல் வியாபாரி, கள்ளச்சந்தைக்காரன். பஞ்சத்தில் கொழுத்தவன். சுத்தமான மேஜை, தொலைபேசி, ஒயின், பின்னால் உயர்ந்த கட்டடங்களின் ஜன்னல்கள். கையில் கத்தி இல்லை. ஆனால் அந்த அறைக்குள் காற்றே இல்லாததுபோல் இருக்கும்.

ஜார்ஜ் குரோஸ் 1926ல் வரைந்த ‘சமூகத்தின் தூண்கள்’ இன்னும் நேரடி. இரண்டு மீட்டர் உயரம். முன்னால் நிற்கிறவன் கழுத்துப்பட்டையில் ஸ்வஸ்திகா, கன்னத்தில் வாள்சண்டைத் தழும்பு, திறந்த மண்டைக்குள் குதிரைவீரன். பக்கத்தில் மூத்திரச்சட்டியைத் தலையில் கவிழ்த்த பத்திரிகைக்காரன். இன்னொரு அரசியல்வாதியின் மண்டைக்குள் ஆவி பறக்கும் மலம். மேலே கண்ணை மூடிக்கொண்டு ஆசி கொடுக்கும் ஒருவர். அவருக்குப் பின்னால் வீடு எரிகிறது, சிப்பாய்கள் போகிறார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் ஏழு வருஷம் இருந்தது.

குரோஸ் மிகைப்படுத்துகிறார் என்று தோன்றினால் ஒரு கணக்குச் சொல்கிறேன். எமில் கும்பெல் என்ற கணிதவியலாளர் போருக்குப் பிந்தைய நாலு வருஷத்து அரசியல் கொலைகளை ஒவ்வொன்றாக எண்ணி 1922ல் வெளியிட்டார். வலதுசாரிகள் செய்தவை 354. இடதுசாரிகள் செய்தவை 22. அந்த 354ல் 326 கொலைகளுக்குத் தண்டனையே இல்லை. அதே 1922 ஜூனில்தான் வெளியுறவு அமைச்சர் வால்டர் ராட்டெனாவை பெர்லினில் பட்டப்பகலில் காரில் வைத்துச் சுட்டார்கள். இரவு விடுதியில் கொக்கெய்ன் விற்றவனைவிட இந்த ஊரில் பெரிய குற்றவாளி நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி போட்டு உட்கார்ந்திருந்தான் என்பதுதான் குரோஸின் வாதம். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது.

ஏன் எல்லாரையும் இவ்வளவு அசிங்கமாக வரைந்திருக்கிறார்கள்?

அதிகம் வரும் கேள்வி இது. பெரும்பாலும் ஓட்டோ டிக்ஸைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள்.

அவர் 1926ல் வரைந்த சில்வியா ஃபொன் ஹார்டன் படம் பாரீஸ் பொம்பிடூ மையத்தின் சேகரிப்பில் இருக்கிறது. சில்வியா ஒரு பத்திரிகையாளர். குட்டை முடி, ஒற்றைக் கண்ணாடி, சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட உடை, நீளமான விரல்கள், மேஜையில் மதுக்கிண்ணம், முழங்காலுக்குக் கீழே நழுவிக் கிடக்கும் காலுறை. தெருவில் அவரை நிறுத்தி, உங்களை வரைந்தே ஆக வேண்டும் என்று டிக்ஸ் பிடிவாதம் பிடித்ததாக அவரே பின்னாளில் எழுதினார். அழகி என்பதற்காக இல்லை, அந்தக் காலமே இந்த ஒரு பெண்ணில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதற்காக.

டிக்ஸ் வரைந்த முறையையும் பார்க்க வேண்டும். நானூறு வருஷத்துக்கு முந்தைய கிரானக் போன்ற ஜெர்மானிய ஓவியர்களின் பாணி: மரப்பலகை, அதன்மேல் முட்டைக்கரு கலந்த வண்ணம், அதற்கும் மேல் கண்ணாடிபோல் மெல்லிய எண்ணெய் வண்ணப் பூச்சுகள், ஒன்று காய்ந்த பின் இன்னொன்று. ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுருக்கமும் இப்படி வந்தவை. தெய்வப் படத்துக்குக் கொடுத்த உழைப்பை விடுதிப் பெண்ணின் கன்னத்துப் பவுடருக்குக் கொடுத்திருக்கிறார். ஒருவரை வெறும் வெறுப்போடு பார்ப்பவன் அவ்வளவு நேரம் உட்கார மாட்டான். போனில் பார்த்தால் இது தெரியவே தெரியாது. கேலிச்சித்திரம் போலத்தான் இருக்கும். நேரில் மூன்றடி தூரத்தில் நின்றால் முகம் சுளிப்பது நின்றுவிடும்.

சிவப்பு உடையில் ஒரு பெண் போஸ்டர்களில் வருகிறாரே, யார் அவர்?

அனிட்டா பெர்பர். நடனக்காரி, படங்களில் நடித்தவர். ஆடையில்லாமல் ஆடியதற்கும் கொக்கெய்னுக்கும் கான்யாக் மதுவுக்கும் பேர்போனவர். 1925ல் டிக்ஸ் அவரை வரைந்தார். உடை சிவப்பு, முடி சிவப்பு, பின்னணியும் சிவப்பு. நடுவில் வெள்ளைப் பூச்சு முகம். படத்தில் ஐம்பதைத் தாண்டியவர் போல் இருப்பார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறுதான். 1928 நவம்பரில் காசநோயில் இறந்தார். இருபத்தொன்பது வயது. டிக்ஸ் மூன்று வருஷம் முன்கூட்டியே சாவை வரைந்துவிட்டார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இது எனக்குக் கொஞ்சம் ஓவராகப் படும். பெர்பர் தன் பூச்சையும் தன் வேடத்தையும் தானே தேர்ந்தெடுத்தவர். டிக்ஸ் வரைந்தது அந்த வேடத்தை. காசில்லாமல் செத்தவர், 1991ல் இதே படம் வழியாக ஜெர்மன் தபால்தலையில் வந்தார்.

ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்?

டிக்ஸின் ‘பெருநகரம்’. 1927–28. ஸ்டுட்கார்ட் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று பலகை, மொத்தம் நாலு மீட்டர் அகலம். தேவாலயப் பலிபீடத்துக்குப் பின்னால் வைக்கும் மூன்று பாகப் படங்களின் அமைப்பு அப்படியே. நடுவில் ஏசு இருக்க வேண்டிய இடத்தில் ஜாஸ் கச்சேரி: சாக்ஸபோன், பளபளக்கும் தரை, இறகு விசிறி, ஆடும் ஜோடி. இடது பலகையில் ஊன்றுகோலில் நிற்கும் போர்வீரன், கல்தரையில் கிடக்கும் ஒருவன், குரைக்கும் நாய், மலிவான தெருப் பெண்கள். வலது பலகையில் விலையுயர்ந்த பெண்கள் ரோமக் கோட்டு அணிந்து வரிசையாகப் போகிறார்கள். ஓரத்தில் முகம் சிதைந்த முன்னாள் சிப்பாய் பிச்சைக்கு உட்கார்ந்திருக்கிறான். அவனை யாரும் பார்க்கவில்லை.

நான் முதலில் நடுப்பலகையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள், அங்கேதான் வெளிச்சம். பக்கவாட்டுக்குக் கண் போக இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். ஆனபிறகு நடுவுக்குத் திரும்ப மனசு வராது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டிக்ஸ் இதையெல்லாம் ஓரமாக நின்று முகம் சுளித்துப் பார்த்தவர் கிடையாது. போரில் இயந்திரத் துப்பாக்கி இயக்கியவர். ஊர் திரும்பிய பின் தீவிர ஜாஸ் ஆட்டக்காரர். ‘ஜிம்’ என்று அமெரிக்கப் பெயர் வைத்துக்கொண்டு மனைவி மார்த்தாவோடு மேடையேறும் அளவுக்கு ஆசை. அந்த மூன்று பலகையிலும் இருந்து பார்த்தவர்.

கொலையுண்ட பெண்களின் படங்கள் ஒரு அறை முழுக்க இருந்தன. அதையும் பார்க்க வேண்டுமா?

வேண்டாம் என்று தோன்றினால் தாண்டிப் போய்விடுங்கள். குற்றவுணர்வு வேண்டாம்.

டிக்ஸ், குரோஸ், ஷ்லிஷ்டர் மூவருமே இந்த வகைப் படம் வரைந்தார்கள். செய்தித்தாள்கள் முழுக்க அப்போது தொடர் கொலைகாரர்கள்தான்: பெர்லினில் 1921ல் பிடிபட்ட கார்ல் குரோஸ்மான், ஹனோவரில் ஹார்மான், டுஸல்டார்ஃபில் பீட்டர் கூர்டன். போரில் கொல்லப் பழகிய ஆண்கள், வேலைக்குப் போய் ஓட்டும் போடத் தொடங்கிய பெண்கள்மேல் கொண்ட பயமும் ஆத்திரமும்தான் இந்தப் படங்கள் என்று விமர்சகர்கள் விளக்குவார்கள். விளக்கம் சரி. ஆனால் விளக்கம் மன்னிப்பு ஆகாது. குரோஸ் கத்தியோடு லண்டன் கொலைகாரன் ஜாக் போலப் புகைப்படத்துக்கு நின்றிருக்கிறார். கண்ணாடி முன் நிற்கும் பெண்ணாக வந்தவர் பின்னாளில் அவர் மனைவியானவர். குரோஸுக்கு அது விளையாட்டு. நான் அந்த அறையில் அதிக நேரம் நிற்பதில்லை. இந்த ஓவியர்கள் எல்லாரையும் கூண்டில் ஏற்றினார்கள், தங்களை மட்டும் ஏற்றவில்லை என்ற எரிச்சல் எனக்கு அங்கேதான் வரும்.

இதே ஷ்லிஷ்டர் 1924ல் ‘மார்கோட்’ என்றொரு படம் வரைந்தார். பாலியல் தொழிலாளி. சிகரெட், குட்டை முடி, நேரான பார்வை. அவருக்குப் பெயர் இருக்கிறது. நம்மைப் பார்த்து நிற்கிறார். கொலைப் படங்களில் கிடப்பவர்களுக்கு இரண்டும் இல்லை.

பெண்கள் யாரும் வரையவில்லையா?

வரைந்தார்கள். மாட்டத்தான் இல்லை. ‘நோயே ஸாஹ்லிஷ்கைட்’ என்று இந்தப் பாணிக்குப் பெயர் கொடுத்த கண்காட்சி 1925ல் மான்ஹைமில் நடந்தது. 32 ஓவியர்கள், 124 படைப்புகள். பெண் ஒருவர்கூடக் கிடையாது. நூற்றாண்டையொட்டி அதே மான்ஹைம் 2024ல் நடத்திய கண்காட்சியில் பெண்களைக் கொண்டுவந்து இந்தக் குறையைச் சரிசெய்யப் பார்த்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட் அதற்கு முன்பே செய்துவிட்டது.

ழான் மாமென் எனக்குப் பிடித்தவர். பெர்லினில் பிறந்து பாரீஸில் வளர்ந்து, போரால் எல்லாம் இழந்து திரும்பிவந்தவர். பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பிழைத்தார். அதே விடுதிகள், அதே பெண்கள். ஆனால் அவர்கள் இங்கே ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள், சலித்துக்கொள்கிறார்கள், பக்கத்து மேஜை ஆணைப் பார்த்துக் கேலியாகச் சிரிக்கிறார்கள். டிக்ஸிடம் பாவமாகவோ பயங்கரமாகவோ இருக்கும் பெண், மாமெனிடம் வேலை முடிந்து கால் வலியோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணாக இருக்கிறாள். நீர்வண்ணமும் பென்சிலும்தான். டிக்ஸின் பலகைகளுக்குப் பக்கத்தில் மாட்டினால் சாதாரணமாகத் தெரியும் அபாயம் உண்டு, நின்று பாருங்கள்.

லோட்டெ லாசர்ஸ்டைன் 1930ல் வரைந்த ‘போட்ஸ்டாமின் மேல் மாலை’யும் இந்தக் காலத்ததுதான். மொட்டைமாடியில் ஐந்து நண்பர்கள், ஒரு நாய், சாப்பிட்டு முடித்த மேஜை. கூத்து இல்லை, குற்றம் இல்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஏதோ முடியப்போகிறது என்று மட்டும் தெரியும். யூத வம்சாவளி என்பதால் 1937ல் சுவீடனுக்குப் போனவர், இந்தப் படத்தையும் கூடவே எடுத்துப்போனார். பெர்லின் அதைத் திரும்ப வாங்கியது 2010ல்.

அந்த ஜெர்மன் பெயருக்கு என்ன அர்த்தம்?

‘புதிய புறவயம்’ எனலாம். ஆனால் ஜெர்மானியர் காதில் அது தத்துவப் பெயராக ஒலிப்பதில்லை. ஜோடனை வேண்டாம், விஷயத்துக்கு வா என்ற தொனி. போருக்கு முந்தைய ஓவியர்கள் உணர்ச்சிக் கொந்தளிப்பில் வண்ணத்தை அள்ளி வீசினார்கள். இவர்கள் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதி வைத்தார்கள்.

அரசாங்கம் சும்மா விட்டதா?

ஜனநாயகம்தான், இருந்தாலும் வழக்குப் போட்டார்கள். 1921ல் ராணுவத்தை அவமதித்ததாக குரோஸுக்கு அபராதம். பிறகு ஆபாசம் என்று இன்னொரு வழக்கு, இன்னொரு அபராதம். 1928ல் சிலுவையில் தொங்கும் ஏசுவுக்கு நச்சுவாயு முகமூடி மாட்டி வரைந்ததற்கு மத நிந்தனை வழக்கு. அது பல கட்டமாக இழுத்து, கடைசியில் விடுதலையானார். முன்பு சொன்ன 326ஐ இங்கே ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். கொன்றவனுக்குத் தண்டனை இல்லை, வரைந்தவனுக்கு அபராதம்.

1933க்குப் பிறகு இவர்கள் என்ன ஆனார்கள்?

குரோஸ் ஹிட்லர் வருவதற்குச் சில நாள் முன்பு, ஜனவரியிலேயே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். 1959ல் பெர்லின் திரும்பி, சில வாரத்திலேயே மாடிப்படியில் விழுந்து இறந்தார். டிக்ஸுக்கு டிரெஸ்டன் கலைக்கல்லூரியில் வேலை போனது. தெற்கே ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் ஒதுங்கி மலையும் மரமும் வரைந்தார். மாமென் ஜெர்மனியிலேயே இருந்தார், ஆனால் எங்கும் படம் காட்டவில்லை. கைவண்டியில் பழைய புத்தகம் விற்றார். விடுதிகளையும் தெருப் பெண்களையும் ஹாம்பர்கில் வரைந்த எல்ஃப்ரீடெ லோஸெ-வெஷ்ட்லர் மனநல மருத்துவமனையில் இருந்தவர். நோயாளிகளைக் கொன்றொழிக்கும் நாஜித் திட்டத்தில் 1940ல் கொல்லப்பட்டார்.

படங்களின் கதி தனி. 1937 ஜூலை 19ல் மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்று நாஜிகளே ஒரு கண்காட்சி திறந்தார்கள். அருங்காட்சியகங்களிலிருந்து பிடுங்கிய சுமார் 650 படைப்புகளை நெருக்கியடித்து மாட்டி, சுவரில் வசவு எழுதிவைத்தார்கள். சுமார் 20 லட்சம் பேர் வந்தார்கள். அங்கே தொங்கிய டிக்ஸின் ‘போர் ஊனமுற்றோர்’ பிறகு கிடைக்கவே இல்லை. எல்டொராடோ விடுதியில் நாஜிகளின் அடியாள் படை அலுவலகம் வைத்தது.

இந்தக் கண்காட்சிகள் அந்தக் கூத்தைக் கொண்டாடுகின்றனவா?

சிலது, ஆமாம். வாசலில் ஜாஸ் பாட்டு, போஸ்டரில் அனிட்டா பெர்பர், கடைசியில் கடையில் இறகு விசிறியும் முத்துமாலையும். டிக்கெட் விற்க வேண்டும், புரிகிறது. எனக்கு ஒரு சோதனை இருக்கிறது: டிக்ஸ் 1920ல் வரைந்த ‘தீப்பெட்டி விற்பவன்’ மாதிரிப் படங்களை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கையும் காலும் கண்ணும் இழந்த சிப்பாய் நடைபாதையில் உட்கார்ந்திருப்பான். நல்ல காலணி போட்ட கால்கள் அவனைத் தாண்டி ஓடும். ஒரு நாய் அவன்மேல் ஒன்றுக்குப் போகும். அதை முதல் அறையில் மாட்டினால் அந்தத் தொகுப்பாளருக்கு விஷயம் தெரியும். கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டினால் கடைக்குப் போய் விசிறி வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

அந்த பெர்லினில் நம்மவர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை அந்த வருஷங்களில் பெர்லின்வாசி. 1934ல் அங்கேயே இறந்தார். சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவும் இருந்தார். 1930ல் தாகூரின் ஓவியங்களை பெர்லினில் ஒரு காட்சிக்கூடம் மாட்டியது. இவர்கள் யாரும் டிக்ஸுக்கோ குரோஸுக்கோ மாடலாக உட்காரவில்லை, அதனால் கண்காட்சியில் தேடாதீர்கள்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். பதினைந்துக்கு மேல் தாராளமாக. இடைப்பட்டவர்களுக்கு, நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கண்காட்சி எதுவும் நடக்காத நேரத்தில் எங்கே பார்ப்பது?

பெர்லினில் நோயே நாட்சியோனால்கலெரி போங்கள். ‘சமூகத்தின் தூண்கள்’, டிக்ஸின் ‘சீட்டாடுபவர்கள்’, கிறிஸ்டியான் ஷாட் வரைந்த ‘சோன்யா’ எல்லாம் அதன் சேகரிப்பில் உள்ளவை. இரவல் போயிருக்கலாம், போகும் முன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெர்லினிஷெ கலெரியும் பக்கம்தான். டிக்ஸுக்கு மட்டும் என்றால் ஸ்டுட்கார்ட். மான்ஹைம் அங்கிருந்து ரயிலில் கிட்ட.

நேரம் இருந்தால் குர்ஃபுர்ஸ்டன்டாம் 29க்கும் ஒரு நடை போய் வாருங்கள். இன்று துணிக்கடைகள் நிறைந்த பெரிய சாலை. பின்கட்டு மாடியில் ழான் மாமென் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்த அறைகளை, 1976ல் அவர் இறந்த பிறகு, அப்படியே வைத்திருக்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். படியேறத் தெம்பு வேண்டும்.